பல்கலைக்கழகத்தில் பாலியல் தொல்லைப் புகார்: எங்கெல்லாம் தவறு நடக்கிறது?

"மேடம், ஒரு விஷயம் சொல்லணும். ஆனா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

பெரும்பாலான புகார்கள், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார் குழுவுக்கு நேராக வருவதில்லை. நம்பிக்கைக்குரிய ஓர் ஆசிரியரிடமோ வார்டனிடமோதான் முதலில் இப்படி வந்து சேர்கின்றன. கெட்டுப்போவதும் அங்கேயேதான். கேட்டவர் பதறித் துறைத் தலைவரிடம் ஓடுகிறார். துறைத் தலைவர், புகாருக்குள்ளான பையனையும் கூப்பிட்டு எதிரெதிரே நிறுத்தி, இருவரிடமும் எழுதி வாங்குகிறார். வீட்டுக்குப் போன் போகிறது. மறுநாள் அந்த மாணவி பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறாள். என்ன நடந்தது என்று யாரும் விசாரிக்கவே இல்லை. ஆனால் "முடித்து வைத்தாயிற்று" என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் கேட்பவரின் வேலை சின்னது. குறுக்கிடாமல் கேட்க வேண்டும். "ஏன் தனியாப் போனே?", "ஏன் அப்பவே சொல்லலை?" என்ற இரண்டு கேள்விகளையும் வாயில் எடுக்கக் கூடாது. சொன்னதைச் சொன்ன வார்த்தைகளிலேயே தேதி, நேரத்தோடு குறித்து வைக்க வேண்டும். "யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்று முழு வாக்கும் கொடுத்துவிடக் கூடாது. முதலாம் ஆண்டில் சேரும் பலருக்கு 17 வயதுதான். 18 நிரம்பாதவர் என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். அதன் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தகவல் சொல்வது கட்டாயம். சொல்லாமல் விடுவதே குற்றம். அதனால் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதியைப் பார்ப்பதுதான் முதல் வேலை.

அன்றைக்கே செய்ய வேண்டியவை இன்னும் சில உண்டு. சிசிடிவி பதிவுகள் குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு தானாக அழிந்து, அதன்மேல் புதிய பதிவு ஏறிவிடும். எந்த கேமரா, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று குறிப்பிட்டுப் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுத்தில் கேட்டால்தான் அது மிஞ்சும். வாட்ஸ்அப் உரையாடலை வெறுப்பில் அழித்துவிட வேண்டாம் என்று மாணவியிடம் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் இருந்தாலும் மூல உரையாடல் போனிலேயே இருக்கட்டும். உடல்ரீதியான வன்கொடுமை என்றால் மருத்துவமனைதான் முதலில். எஃப்ஐஆர் இருந்தால்தான் பார்ப்போம் என்று அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ திருப்பி அனுப்ப முடியாது. இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம்.

குழுவே செல்லாது என்றால்?

2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தை அடியொற்றி, பல்கலைக்கழக மானியக் குழு 2015ஆம் ஆண்டு விதிமுறைகளை வகுத்து, 2016 மே மாதம் அறிவிக்கை செய்தது. உள்ளகப் புகார் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்பதை அது தெளிவாகச் சொல்கிறது. தலைவர் மூத்த பெண் ஆசிரியர்: பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நிலைக்கும், கல்லூரியில் இணைப் பேராசிரியர் நிலைக்கும் குறையாதவர். ஆசிரியர் இருவர், ஆசிரியரல்லாத பணியாளர் இருவர், வெளியிலிருந்து ஒருவர். விவகாரத்தில் மாணவர்கள் இருந்தால் இளநிலை, முதுநிலை, ஆய்வு மாணவர்களிலிருந்து தலா ஒருவர். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும்.

நடப்பில் முதலில் சறுக்குவது மாணவர் பிரதிநிதிகள் விஷயத்தில். அவர்கள் தேர்தல் மூலம் வர வேண்டும். "நல்லாப் படிக்கிற பொண்ணு" என்று துறைத் தலைவர் கைகாட்டினால் அது விதிமீறல். அடுத்தது, துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் ஆகியோர் குழுவில் இருக்கவே கூடாது. குழு நிர்வாகத்தின் கைக்குள் போய்விடக் கூடாது என்பதுதான் காரணம். ஆனாலும் பல கல்லூரிகளின் இணையதளத்தில் துறைத் தலைவர்களின் பெயர்கள்தான் வரிசையாக இருக்கின்றன. வெளி உறுப்பினராக நிர்வாகத்தின் வழக்கறிஞரையோ தாளாளரின் உறவினரையோ போடுவதும் அதே வகை. விசாரணை முடிந்து எதிர்த்தரப்பு நீதிமன்றம் போனால், முதல் வாதமே குழு அமைந்த விதம்தான். அங்கே சறுக்கினால் மாணவி பட்ட பாடெல்லாம் வீண்.

மகளிர் மேம்பாட்டுப் பிரிவையும் இந்தக் குழுவையும் ஒன்றாக்குவது இன்னொரு பிழை. மார்ச் 8 அன்று கோலப்போட்டி நடத்தும் அதே ஐந்து பேர்தான் புகாரையும் விசாரிப்பார்கள் என்றால், இரண்டு வேலையும் கெடும். இரண்டும் தனித்தனியே இயங்க வேண்டும் என்றே விதிமுறை சொல்கிறது.

மூன்று மாதக் கெடு

சம்பவம் நடந்த நாளிலிருந்து, தொடர் தொல்லை என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து, மூன்று மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால், அதைப் பதிவுசெய்து குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். "செமஸ்டர் முடியட்டும்", "வைவா முடிஞ்சதும் பார்த்துக்கலாம்" என்று அக்கறையோடு சொல்லப்படும் ஆலோசனைதான் இந்தக் கெடுவைத் தின்றுவிடுகிறது. கொல்கத்தாவில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மீதான புகாரில், கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரல். புகார் வந்தது 2023 டிசம்பர். காலம் கடந்துவிட்டது என்று நிராகரிக்கப்பட்டதை 2025இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. சட்டம் சொல்லித்தரும் பல்கலைக்கழகத்திலேயே இப்படி. (நிறுவனத்தின் தலைமை மீதே புகார் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.)

எழுதித் தர முடியாத நிலையில் இருப்பவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. "லெட்டர் கொண்டு வாம்மா" என்று திருப்பி அனுப்புவது தவறு.

சமரசம் என்ற அவசரம்

சமரசத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் புகார் கொடுத்தவர் கேட்டால் மட்டும். பணம் அதற்கு அடிப்படையாக இருக்கக் கூடாது. "பையனோட எதிர்காலம் பாழாயிடும், பெருந்தன்மையா விட்டுடும்மா" என்று குழுத் தலைவரே சொன்னால், அந்த நொடியில் அவர் நடுநிலை இழந்துவிடுகிறார். அதைவிடக் கொடியது, "நிரூபிக்க முடியலைன்னா உன் மேலயே நடவடிக்கை வரும்" என்ற மிரட்டல். நிரூபிக்க முடியாமல் போவதும் பொய்ப் புகாரும் ஒன்றாகாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. கெட்ட நோக்கம் தனி விசாரணையில் உறுதியானால்தான் நடவடிக்கை.

வேகமும் கெடுக்கும்

தாமதத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அவசரத்தாலும் வழக்குகள் தோற்றிருக்கின்றன. கோவா பல்கலைக்கழகத்தில் 2009இல் மாணவிகள் கொடுத்த புகாரில், குழு கடைசிக் கட்டக் கூட்டங்களை அடுத்தடுத்து நடத்தி விரைந்து முடித்தது; ஆசிரியர் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம், அவருக்குத் தன் தரப்பைச் சொல்லப் போதிய வாய்ப்பு தரப்படவில்லை என்று கூறிப் பணிநீக்கத்தை ரத்து செய்து, விசாரணையை மறுபடி நடத்தச் சொன்னது. பதினான்கு ஆண்டுகள் கழித்து அந்தப் பெண்கள் மீண்டும் விசாரணையை எதிர்கொள்ள வேண்டிய நிலை.

ஆகவே நாட்காட்டியை ஒழுங்காகப் பின்பற்றுங்கள். புகார் கிடைத்த ஏழு நாளில் எதிர்த்தரப்புக்கு நகல். அவர் பதிலளிக்கப் பத்து நாள். 90 நாளில் விசாரணை முடிவு. அடுத்த பத்து நாளில் அறிக்கை. அதன் மீது நிர்வாகம் நடவடிக்கை எடுக்க 30 நாள். ஒவ்வொரு அமர்விலும் தலைவர் உட்பட மூவராவது இருக்க வேண்டும். வாக்குமூலத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குங்கள். குறுக்கு விசாரணைக் கேள்விகளை எழுத்தில் வாங்கிக் குழுவே கேட்கலாம். அந்த மாணவியை எதிர்த்தரப்பின் முன்னால் உட்கார வைக்கத் தேவையில்லை.

விசாரணை நடக்கும்போது

ஆய்வு மாணவியின் புகார் அவருடைய கைடு (ஆய்வு வழிகாட்டி) மேல் என்றால், 90 நாள் என்பது மிக நீண்ட காலம். உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்து, ஆய்வகச் சாவி, ஆய்வுக் கட்டுரையில் பெயர், எல்லாமே அந்த ஒருவர் கையில். இடைக்காலப் பாதுகாப்பை மாணவி கேட்கும்வரை காத்திருக்காமல், இப்படி ஒரு வழி இருக்கிறது என்று குழுவே சொல்ல வேண்டும். விடைத்தாள் திருத்துதல், இன்டர்னல் மதிப்பெண், வைவா ஆகியவற்றிலிருந்து எதிர்த்தரப்பை விலக்கலாம்; துறை மாற்றலாம்; மாணவிக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரலாம். வழக்கமாக நடப்பது, மாணவியை "பாதுகாப்புக்காக" வேறு ஆய்வகத்துக்கு அனுப்புவது. அவரே கேட்டால் ஒழிய, இடம் மாற வேண்டியவர் அவர் இல்லை.

பெயர் கசிவது

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி மீது நடந்த வன்கொடுமையில், முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்து அவரது விவரங்கள் பரவின. சென்னை உயர் நீதிமன்றம் பெண் அதிகாரிகள் அடங்கிய சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்ததோடு, 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. கல்லூரிகளில் கசிவு இதைவிடச் சாதாரணமாக நடக்கிறது: அலுவலக உதவியாளர் கையில் திறந்த உறையில் போகும் சம்மன், ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழு, பொது மின்னஞ்சலுக்கு வரும் புகார். குழுவுக்கென்று தனி மின்னஞ்சல், பூட்டிய அலமாரி, கோப்பின் மேல் பெயருக்குப் பதில் எண். இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

பூட்டினால் பாதுகாப்பு வந்துவிடாது

சம்பவம் நடந்ததும் பெண்கள் விடுதியின் கேட் நேரத்தை மாலை ஆறரைக்கு இழுப்பார்கள். ஆண்கள் விடுதி அப்படியே இருக்கும். பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்களுக்கு மட்டும் கட்டுப்பாடு விதிக்கக் கூடாது என்று மானியக் குழுவின் விதிமுறையே சொல்கிறது. அது கேட்பது வெளிச்சம், வளாகத்துக்குள் நம்பகமான போக்குவரத்து, பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர். ஆண் மாணவர்களும் திருநர் மாணவர்களும் பாதிக்கப்படக் கூடியவர்களே என்பதையும் அது ஏற்கிறது. அவர்கள் வந்தால் "இது பொண்ணுங்களுக்கான கமிட்டி" என்று கதவைச் சாத்தாதீர்கள்.

அறிக்கை கொடுத்ததோடு கோப்பை மூடிவிடும் வழக்கமும் மாற வேண்டும். தண்டனை கிடைத்த பிறகுதான் பழிவாங்கல் தொடங்குகிறது: திடீரென்று குறையும் வருகைப்பதிவு, ஒதுக்கப்படாத ஆய்வக நேரம், சக மாணவர்களின் ஏச்சு. முப்பதாம் நாளும், அந்த செமஸ்டர் மதிப்பெண் வந்த அன்றும், குழு உறுப்பினர் ஒருவர் அவரைத் தனியே கூப்பிட்டு எப்படி இருக்கிறார் என்று கேட்டு, சொன்னதைக் கோப்பில் எழுதி வைக்கட்டும்.