சிமுலேட்டரில் பழகிவிட்டு நிஜ செஸ்னாவில் ஏறுகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

முதல் பாடத்தில் விமானம் தரையை விட்டுக் கிளம்பி பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, என் இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் கிடந்த வரைபடத்தை மடித்து, எனக்கு முன்னால் இருந்த டயல்கள் மேல் சாத்தி மறைத்துவிட்டார். "வீட்டில் சிமுலேட்டர் ஓட்டுவீர்களோ?" என்று கேட்டார். நான் அதுவரை சொல்லவே இல்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றால், "ஏறியதிலிருந்து நீங்கள் ஒரு தடவைகூட வெளியே பார்க்கவில்லை" என்றார்.

இது நடந்தது கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ விமான நிலையத்தில். விரிகுடாக் கரையை ஒட்டி ஒரே ஒரு ஓடுபாதை, நீளம் 2,443 அடிதான். அங்கே போவதற்கு முன்பே வீட்டுக் கம்ப்யூட்டரில், விமானம் ஓட்டுவதைப் பாவனை செய்யும் சிமுலேட்டரில், அதே ஓடுபாதையில், செஸ்னா 172 என்ற அதே சின்ன விமானத்தில் நூறு தடவைக்கு மேல் இறங்கியிருந்தேன். எந்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் மூக்கைத் தூக்க வேண்டும், வலப்பக்கம் திரும்பினால் என்ன தெரியும் எல்லாம் அத்துப்படி. இருந்தும் முதல் ஐந்தாறு பாடங்கள் புதிதாகக் கற்றுக்கொள்வதைவிட, கற்றதை மறப்பதிலேயே போயின. ஒரு மணி நேரத்துக்கு 150 முதல் 200 டாலர்வரை வாடகை கொடுத்து மறப்பது கொஞ்சம் வயிற்றெரிச்சலான வேலை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கண்டுகொண்டது இதுதான்: தலைக்கு வேண்டியதை வீட்டில் படித்துக்கொள்ளலாம், கைக்கும் காலுக்கும் வேண்டியதை விமானம்தான் சொல்லித்தர வேண்டும். சிமுலேட்டரின் கணக்கு மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டர் இறக்கையையும் ப்ரொப்பெல்லரையும் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மேலும் காற்று எவ்வளவு அழுத்துகிறது என்று கணக்குப் போடுகிறது. புதிய மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரும் லேசுப்பட்டதில்லை. ஆனால் அந்தக் கணக்கின் விடை உங்களிடம் வந்து சேருவது கண்ணுக்கும் காதுக்கும் மட்டும், அதுவும் ஒரு திரை அளவுக்கு. நாற்காலி அழுத்துவது, யோக் (விமானத்தின் ஸ்டியரிங்) கனப்பது, வயிறு மேலே எழும்புவது எதுவும் வராது.

சரி, கண்ணிலிருந்து ஆரம்பிப்போம். திரையில் வெளியே தெரிவது சின்னதாக இருக்கும், டயல்கள் பளிச்சென்று இருக்கும், அதனால் மனசு தானாக டயலுக்குப் போய்விடுகிறது. உயரம் 20 அடி குறைந்தால் மூக்கைத் தூக்குவோம், கூடினால் இறக்குவோம், இப்படியே முள்ளைத் துரத்திக்கொண்டிருப்போம். நிஜ விமானத்தில் வெயில் நாளில் பறக்கும்போது பார்வை பெரும்பாலும் வெளியேதான் இருக்க வேண்டும். அடிவானம் முன் கண்ணாடியில் எந்த இடத்தில் வெட்டுகிறது என்பதை வைத்துத்தான் விமானம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துகொள்கிறோம், அதோடு பக்கத்தில் வேறு விமானம் வருகிறதா என்றும் நாம்தான் பார்த்தாக வேண்டும்.

இதை வீட்டிலேயே சரிசெய்யலாம். முதலில் கேமரா ஜூமைச் சரிபாருங்கள். எல்லாம் ஒரே திரையில் தெரியட்டும் என்று அகலமாக வைத்திருந்தால் ஓடுபாதை இருப்பதைவிடத் தள்ளித் தெரியும், வேகமும் தப்பாகத் தெரியும். அப்புறம் ஒரு அட்டையை வெட்டி மானிட்டரில் டயல்கள் இருக்கும் இடத்தில் ஒட்டுங்கள். (வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.) நேராகப் பறங்கள், அடிவானம் கண்ணாடியில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை முழுதாகத் தள்ளி 74 நாட் (மணிக்கு 74 கடல்மைல்) வேகத்தில் ஏறுவதாக நினைத்துக்கொண்டு மூக்கைத் தூக்கி நிறுத்துங்கள். இப்போது அட்டையை எடுத்துப் பாருங்கள். முதல் நாள் 15 நாட் தப்பாக இருக்கும். ஒரு வாரத்தில் ஐந்துக்குள் வந்துவிட்டால் என்னைப்போல் முதல் பாடத்தில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

அடுத்தது கால். வீட்டில் பெரும்பாலானவர்கள், மூக்கை இடம் வலம் திருப்பும் ரடர் பெடல் இல்லாமலே ஓட்டுகிறார்கள், ஆட்டோ ரடர் என்ற வசதி காலுக்குப் பதில் வேலையைச் செய்துவிடுகிறது. நிஜத்தில் த்ராட்டிலை முழுதாகத் தள்ளியதும் மூக்கு இடப்பக்கம் ஓடும். ப்ரொப்பெல்லர் கிளப்பும் காற்று விமானத்தைச் சுற்றிச் சுழன்று போய் வால் துடுப்பை இடப்பக்கமிருந்து தள்ளுகிறது. மூக்கு தூக்கியிருக்கும்போது வலப்பக்கம் கீழிறங்கும் பிளேடு இடப்பக்கத்தைவிட அதிகமாக இழுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இடது. வலது காலை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஏறி முடிக்கும்வரை. முதல் மாதம் முழுக்க நான் அதிகமாகக் கேட்ட வார்த்தை "ரைட் ரடர்"தான், கனவில்கூடக் கேட்டது.

கையில் காசு இருந்தால் புது கிராஃபிக்ஸ் கார்டுக்கு முன்னால் பெடல் வாங்குங்கள். ஆட்டோ ரடரை அணைத்துவிடுங்கள், மற்ற உதவிகளையும்தான். திருப்பும்போது டயலில் உள்ள சின்னப் பந்து எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கக் காலை மிதிக்க வேண்டும், இந்த ஒன்றை வீட்டில் பழகிக்கொள்ளலாம். ஆனால் எவ்வளவு மிதிப்பது என்பதை விமானத்தில் உங்கள் இடுப்புதான் சொல்லும். பந்து ஒதுங்கினால் நீங்களும் நாற்காலியில் பக்கவாட்டில் சாய்வீர்கள், வளைவில் பேருந்து திரும்பும்போது பக்கத்துச் சீட்டுக்காரர் மேல் சாய்வதுபோல.

ட்ரிம், அதாவது யோக்கின் கனத்தைக் கையிலிருந்து எடுத்துவிடும் சின்னச் சக்கரம், அந்த விஷயம்தான் என்னை ரொம்பப் படுத்தியது, இதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. வீட்டு ஜாய்ஸ்டிக்கில் ஸ்பிரிங் இருக்கிறது, கையை விட்டால் அது நடுவுக்கு வந்துவிடும். அதனால் வீட்டில் ட்ரிம் சக்கரத்தை உருட்டி மூக்கை ஏற்றி இறக்குவதே பழக்கமாகிவிடுகிறது, ஜாய்ஸ்டிக்கைத் தொடாமலே. நிஜ விமானத்தில் யோக்கை நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் கிடையாது. காற்று வால் பகுதியைத் தள்ளுவதுதான் கைக்குக் கனமாகத் தெரிகிறது. அங்கே வரிசை இப்படி: முதலில் யோக்கால் மூக்கை வேண்டிய இடத்தில் நிறுத்துங்கள், வேகம் நிலைக்கும்வரை அப்படியே பிடித்திருங்கள், அப்புறம் கையில் இருக்கும் கனம் கரைந்துபோகும்வரை ட்ரிம் சக்கரத்தை உருட்டுங்கள். யோக் இருந்த இடத்திலேயே இருக்கும், கனம் மட்டும் போய்விடும். பிறகு விரல்களைத் திறந்து பாருங்கள். மூக்கு நகராமல் இருந்தால் ட்ரிம் சரி. வீட்டில் இதே காரியத்தைச் செய்ய ட்ரிம்மை உருட்ட உருட்ட ஜாய்ஸ்டிக்கை மெல்ல நடுவுக்கு விட்டுக்கொண்டே வர வேண்டும், அது வேறு கை அசைவு. அந்த அசைவைப் பழகாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. விசையைக் கைக்குத் தரும் விலையுயர்ந்த யோக் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடலாம்.

தரையிறங்குவதைப் பற்றியும் இதையேதான் சொல்வேன். கடைசி 20 அடிவரை சிமுலேட்டர் உதவும்: எந்த இடத்தில் த்ராட்டிலைக் குறைப்பது, எங்கே ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் தகடு) 10 டிகிரி, எங்கே 20, எங்கே 30, முழு ஃப்ளாப்பில் 60 முதல் 70 நாட்டுக்குள் வேகத்தை வைப்பது, ஓடுபாதை மேலே நகர்கிறதா கீழே நகர்கிறதா என்று பார்த்து தாழ்வாக வருகிறோமா உயரமாக வருகிறோமா என்று முடிவுசெய்வது. அந்தக் கடைசி 20 அடியை மட்டும் நம்பாதீர்கள். அங்கே தரை நெருங்குவதை ஓரக்கண்தான் உணர்கிறது, பார்வை ஓடுபாதையின் தூர முனையில் இருக்கும்போது. 27 அங்குல மானிட்டருக்கு ஓரக்கண் ஏது? விஆர் கண்ணாடி போட்டால் கொஞ்சம் தேவலை. தரைக்கு மிக அருகில் இறக்கையைப் பின்னுக்கு இழுக்கும் காற்றுத்தடை குறைந்து விமானம் இறங்க மறுத்து மிதப்பதையும், அப்புறம் திடீரென்று நாற்காலி கீழே போவதையும் உடம்பில் ஒரு தடவை உணர்ந்தால்தான் கை தானாக யோக்கை இழுக்கும். வீட்டில் வெண்ணெய்போல இறக்குகிற நான் நிஜத்தில் முதல் பத்து தடவை தட்டித் தட்டித்தான் இறக்கினேன்.

இதுவரை குறையாகவே சொல்லிவிட்டேன். எங்கே சிமுலேட்டர் நிஜத்தைவிட நன்றாகச் சொல்லித்தரும் என்று கேட்டால், மேகத்துக்குள் டயலை மட்டும் பார்த்துப் பறப்பதைச் சொல்வேன். சிமுலேட்டர் பெயர் வாங்கியதே அதில்தான். 1929-இல் அமெரிக்காவின் பிங்ஹாம்டனில் எட் லிங்க் என்பவர் தன் அப்பாவின் ஆர்கன் (காற்றால் ஒலிக்கும் இசைக்கருவி) பட்டறையில் கிடந்த துருத்திகளை வைத்து ஒரு மரப்பெட்டி விமானம் செய்தார். யாரும் பெரிதாகச் சீந்தவில்லை. 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் பைகளைச் சுமந்துகொண்டு மோசமான வானிலையில் விழுந்து சாகத் தொடங்கிய பிறகு ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது. துருத்தியில் ஆரம்பித்த கதை!

ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், டயலைப் பார்த்துப் பறக்கப் பயிற்சி இல்லாத 20 விமானிகளை ஒரு பீச்கிராஃப்ட் பொனான்ஸாவில் ஏற்றி, வெளியே எதுவும் தெரியாதபடி செய்து ஓட்டவிட்டார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடியில். காரணம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு. விமானம் மெதுவாகச் சாய்ந்தால் அதற்குத் தெரியாது, சாய்ந்ததை நிமிர்த்தினால் "இப்போது மறுபக்கம் சாய்கிறோம்" என்று பொய் சொல்லும். வீட்டு நாற்காலியில் உங்கள் காது பொய் சொல்லாது, அதனால் மேகத்துக்குள் பறப்பது வீட்டில் சுலபம். அந்தச் சுலபத்தை நம்பி, உரிமம் கையில் வந்ததும் மேகத்துக்குள் நுழைந்துவிடாதீர்கள்.

இனி வீட்டில் எப்படிப் பழகுவது. ஒவ்வொரு பாடத்துக்கும் முந்தின ராத்திரி, மறுநாள் பறக்கப்போகும் அதே விமான வகை, அதே ஓடுபாதை, முடிந்தால் அதே காற்று. உங்கள் கிளப்பின் செக்லிஸ்ட்டைத் தாளில் வைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லி, ஒவ்வொரு ஸ்விட்சையும் தொட்டு, எஞ்சினைக் கிளப்புங்கள். ஓடுபாதையில் ஏற்கெனவே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். வேறு ஊருக்குப் போகும் பாடம் என்றால் அந்த வழியை ஒரு தடவை பறந்து பாருங்கள். பாலோ ஆல்டோவிலிருந்து மலையைத் தாண்டி ஹாஃப் மூன் பேயில் முதன்முதலாக இறங்கப்போனபோது கடற்கரை வளைவைப் பார்த்ததுமே ஓடுபாதை எங்கே என்று எனக்குத் தெரிந்தது, அந்த நிம்மதிக்கு விலையே இல்லை.

ரேடியோவையும் வீட்டிலேயே பழகலாம். வாட்சிம் என்ற இணைய வலையமைப்பில் ஆர்வலர்கள் இலவசமாக விமானக் கட்டுப்பாட்டாளராக உட்கார்ந்திருக்கிறார்கள். யாரைக் கூப்பிடுகிறேன், நான் யார், எங்கே இருக்கிறேன், என்ன வேண்டும், இந்த நான்கையும் ஒரே மூச்சில் சொல்லப் பழகினால் போதும். டவரில் இருப்பவர் கடகடவென்று பேசும்போது நாக்கு ஒட்டிக்கொள்வது எல்லோருக்கும் நடக்கிறது, நம் ஆட்களுக்கு உச்சரிப்புக் கூச்சம் வேறு.

எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்பதை வீட்டில் அடிக்கடி செய்யுங்கள். நிஜத்தில் இன்ஸ்ட்ரக்டர் த்ராட்டிலைக் குறைத்துப் பாவனை காட்டுவார், சில நூறு அடி உயரத்தில் திரும்ப ஏறிவிடுவோம். வீட்டில் வயல்வரை போய் இறங்கிப் பார்க்கலாம். 172-இல் 68 நாட் வைத்தால் ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை கடல்மைல் சறுக்கிப் போகும், அந்தத் தூரம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். அப்புறம் கிளம்பி 500 அடி ஏறியதும் எஞ்சினை அணைத்து, திடுக்கிட்டுப்போய் உட்கார்ந்திருக்கும் நேரமாக நான்கு விநாடி சும்மா இருந்துவிட்டு, ஓடுபாதைக்குத் திரும்ப முயன்று பாருங்கள். பெரும்பாலும் வந்து சேர மாட்டீர்கள். நேராக முன்னால் இடம் பார்த்து இறங்கு என்று எல்லோரும் ஏன் சொல்கிறார்கள் என்பது அப்போது புரியும்.

இத்தனை மணி நேரத்தையும் லாக்புக்கில் (விமானி பறந்த நேரத்தைக் குறிக்கும் ஏடு) எழுத முடியுமா என்றால், முடியாது. அமெரிக்காவில் அரசின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ ஒப்புதல் பெற்ற கருவியில், இன்ஸ்ட்ரக்டர் கூட இருந்தால் மட்டும்தான் கணக்கு. தனியார் விமானி உரிமத்துக்குத் தேவையான 40 மணியில் அதுவும் வழக்கமாக 2.5 மணிதான் சேரும்.

விமானத்திடம் போகும் முதல் நாள் சீக்கிரமே போய்விடுங்கள். சிமுலேட்டரில் கையால் செய்ய முடியாத வேலைகள் நிறைய இருக்கின்றன: இறக்கைமேல் எட்டிப் பார்த்து டேங்கில் குச்சி விட்டு அளப்பது, அடியில் சின்னக் குப்பியைச் செருகி எரிபொருள் எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பது (வழக்கமான விமானப் பெட்ரோல் இளநீலமாக இருக்கும், அடியில் தண்ணீர் முத்து இருந்தால் மறுபடி எடுக்க வேண்டும்), விமானத்தைக் கையால் இழுத்துத் திருப்புவது. ஏறி உட்கார்ந்தால் கோடையில் உள்ளே அடுப்படிபோல இருக்கும், காற்றில் குலுங்கினால் குமட்டும், அதனால் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சிமுலேட்டர் ஓட்டுவேன் என்று முதலிலேயே இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்லிவிடுங்கள், டயலை மூடிவிட்டுப் பறக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். இன்னொன்று, வீட்டில் காக்பிட்டில் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள், இங்கே இரண்டு யோக், இரண்டு பேர். அவர் "மை கண்ட்ரோல்ஸ்" என்றால் "யுவர் கண்ட்ரோல்ஸ்" என்று சொல்லிக் கையையும் காலையும் உடனே எடுத்துவிட வேண்டும். நான் இரண்டாவது பாடத்தில் ஒரு நொடி விடாமல் பிடித்திருந்தேன், ஏனென்றால் அதுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பழக்கமே இல்லை.