அலுமாரி நாற்றம் போன விதம்

மார்கழி மழை பிடித்ததும் மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு அலுமாரி உடுப்பெல்லாம் ஒரே ஈர நாற்றம். பருத்திச் சீலை மடிப்பில் சாம்பல் நிறப் பூஞ்சணம்.

முதலில் நப்தலீன் உருண்டை போட்டேன். அப்புறம் சிரட்டைக்கரி கட்டி வைத்தேன். இரண்டே நாளில் பழையபடி. உடுக்காத உடுப்பைப் பாதிக்குப் பாதி கொடுத்தும் சரிவரவில்லை. ஒரு கிழமை போய்விட்டது.

கடைசியில் அலுமாரியை வெறுமையாக்கி, கால்களுக்குக் கீழே சாக்கு வைத்து இழுத்தோம். சுவரில் அலுமாரியின் அளவுக்கே, கோடு போட்டதுபோல், நீள்சதுரமாகக் கறுப்பு. சுற்றிவர வெள்ளைச் சுவர். அது வடகிழக்குப் பக்க வெளிச்சுவர்; இந்த மாதங்களில் காற்றோடு மழை நேரே அடிப்பது அங்கேதான். பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவே நான் செருகியிருந்த வெறும் காட்போட் பெட்டிகள் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துக் கிடந்தன. காற்றுப் போக வழியே இல்லை.

மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு சுவரையும் பலகையையும் துடைத்தேன். நன்றாகக் காய்ந்தபின் அலுமாரியை உள்சுவர்ப் பக்கம் மாற்றி, நாலு விரல் இடைவெளி விட்டேன். கால்களுக்குக் கீழே உடைந்த டைல்ஸ் துண்டு. பெட்டிகளை வீசியாயிற்று. பழைய இடத்தில் இப்போது இரண்டு பிளாஸ்டிக் கதிரைதான்.

மூன்று கிழமையாக மழை விடவில்லை. சீலையில் சவர்க்கார வாசம் அப்படியே இருக்கிறது. பெரிய நிம்மதி.