மோனோக்ளோனல் ஆன்டிபாடி தயாரிப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கம் ரத்த தான முகாமில் வகை பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். கண்ணாடித் தகட்டில் மூன்று சொட்டு ரத்தம். ஒன்றில் நீல மருந்து, ஒன்றில் மஞ்சள், மற்றதில் நிறமில்லாதது. நீலத்தில் ரத்தம் திப்பித்திப்பியாகத் திரண்டு, மஞ்சளில் அப்படியே இருந்தால் ஏ வகை. அந்த நீலச் சொட்டின் வேலைக்காரன்தான் மோனோக்ளோனல் ஆன்டிபாடி.

உடலுக்குள் வரும் அந்நியப் பொருளை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதம்தான் ஆன்டிபாடி. அதைச் சுரப்பவை வெள்ளையணுக்களில் ஒரு வகையான பி செல்கள். ஆத்தங்குடிக் கல் ஒரே அச்சில் வருவதுபோல, ஒரே பி செல்லின் வாரிசுகள் மட்டும் சுரந்தால் எல்லாம் ஒரே ரகமாக இருக்கும்; அதுதான் மோனோக்ளோனல். ஆனால் உடலுக்கு வெளியே பி செல் சில நாளில் செத்துவிடும். மயலோமா என்ற புற்றுநோய்ச் செல்லோ பெருகிக்கொண்டே போகும். இரண்டையும் 1975-இல் கேம்பிரிட்ஜில் இணைத்துக் காட்டிய கோலரும் மில்ஸ்டீனும் 1984-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

முதலில், விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி. அது இல்லாமல் எலிக்கூண்டைத் திறக்காதீர்கள். பிறகு எலிக்கு ஆன்டிஜனை, அதாவது ஆன்டிபாடி எதைப் பிடிக்க வேண்டுமோ அந்தப் பொருளை, ஊசி போட்டு, சில வார இடைவெளியில் மறுபடியும் போட வேண்டும். ரத்தத்தில் ஆன்டிபாடி ஏறியதும் மண்ணீரலிலிருந்து பி செல்களைப் பிரித்து, மயலோமாவோடு கலந்து, செல்களை ஒட்டவைக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளைச் சேர்க்க வேண்டும். சில செல்கள்தான் ஒட்டும், பெரும்பாலானவை ஒட்டாது.

ஒட்டாததை எப்படிக் கழிப்பது? இங்கேதான் மூளை. கலவையை ஹேட் (HAT) என்ற செல் வளர்ப்புத் திரவத்தில் விடுங்கள். அதிலுள்ள அமினோப்டெரின், செல் டி.என்.ஏ. செய்யும் வழக்கமான பாதையை அடைத்துவிடும். மாற்றுப் பாதையில் போக எச்.ஜி.பி.ஆர்.டி. என்ற நொதி வேண்டும். அந்த நொதி இல்லாத மயலோமாவைத்தான் வேண்டுமென்றே எடுத்திருக்கிறோம். அது தனியாக இருந்தால் சாகும். பி செல்லிடம் நொதி உண்டு, ஆயுள் இல்லை. இரண்டும் சேர்ந்த ஹைப்ரிடோமா மட்டும் பிழைக்கும்.

அப்புறம் 96 குழித் தட்டில் எலிசா என்ற, ஆன்டிபாடியைக் கண்டுபிடிக்கும் சோதனையைச் செய்து, சரியான ஆன்டிபாடி எந்தக் குழியில் என்று பாருங்கள். அந்தச் செல்களை, குழிக்குச் சராசரியாக ஒரு செல்லுக்கும் குறைவாக விழும்படி நீர்த்துப் பரப்ப வேண்டும். பாதிக் குழி காலியாகக் கிடந்தாலும் பரவாயில்லை, இரண்டு செல் ஒன்றாக விழக்கூடாது. அவசரக்காரர்கள் இதை ஒரே தடவையில் முடித்துவிடுவார்கள். இன்னொரு தடவை செய்வதே நல்லது.

தேறிய குளோனை, அதாவது ஒரே செல்லின் வாரிசுக் கூட்டத்தை, 37 டிகிரி செல்சியஸில், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடில் வளர்க்கலாம். கிடைக்கும் ஆன்டிபாடி ஐஜிஜி (IgG) என்ற வகை என்றால், அதைப் பிடித்துவைக்கும் புரோட்டீன் ஏ என்ற புரதம் நிரப்பிய குழாயில் சுத்திகரிக்கலாம்.

அதற்கு முன்பே கொஞ்சம் செல்களைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துவிடுங்கள். கரன்ட் போய் இன்குபேட்டர் நின்றாலும் குளோன் தப்பிக்கும். நைட்ரஜன் அளவு குறையாமல் நிரப்பி வந்தால் போதும்.