ஆயில் ஃபில்டர் கழலாமல் மக்கர் பண்ணினால்

போன ஞாயிறு காலை. பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு வாசலில், எஞ்சின் ஆயில் மாற்ற 2011 மாடல் ஆல்ட்டோ காருக்குக் கீழே படுத்திருந்தேன். ஆயிலை வடித்தாயிற்று. ஆயிலை வடிகட்டும் ஃபில்டர் மட்டும் இம்மியும் அசையவில்லை. கையால் இறுக்க வேண்டிய சாமானை, முன்பு மாட்டிய புண்ணியவான் ரென்ச் போட்டு முறுக்கியிருந்தார். ஃபில்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் வாஷரில் ஆயில் தடவாமல் மாட்டினாலும் இதே கதிதான். எஞ்சின் சூட்டில் ரப்பர் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

நான் செய்த முதல் தப்பு, ஆயிலை முதலில் வடித்தது. ஃபில்டரை முதலில் அசைத்துப் பார்த்திருக்க வேண்டும். வரவில்லையா, வண்டியை அப்படியே மெக்கானிக்கிடம் ஓட்டிப் போகலாம். ஆயில் இல்லாமல் எங்கே ஓட்டுவது? எஞ்சினை இரண்டு நிமிஷம் ஓடவிட்டு வெதுவெதுப்பாக்கினால் ரப்பர் கொஞ்சம் இளகும். அதையும் வடிப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

இரண்டாவது தப்பைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஃபில்டரின் மூடிய முனை நம்மைப் பார்த்திருக்கும்போது கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்ப வேண்டும். நான் மேலிருந்து கையை விட்டு, திசை குழம்பி, கால்மணி நேரம் இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தேன்!

சரி, ஆயில் பிசுக்கை வேஸ்ட் துணியால் நன்றாகத் துடையுங்கள். எமரி ஷீட்டின் (உப்புத்தாள்) சொரசொரப்பான பக்கம் ஃபில்டரில் படும்படி சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்புங்கள். பாதி ஃபில்டர்கள் இதற்கே வந்துவிடும். என்னுடையது வரவில்லை. ஜே.சி. ரோட்டில் வாங்கி வைத்திருந்த பெல்ட் ரென்ச்சை, அதாவது ஃபில்டரைச் சுற்றிப் பட்டையால் இறுக்கிப் பிடித்துத் திருப்பும் கருவியை, எடுத்தேன். அதுவும் வழுக்கியது. ஃபில்டரில் ஸ்க்ரூடிரைவரை அடித்து ஏற்றி, அதைப் பிடித்துத் திருப்பிவிடலாமா என்று பார்க்கும்போது, பக்கத்து வீட்டு அண்ணன் குனிந்து எட்டிப் பார்த்தார். லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, குத்தினா தகரம் கந்தலாயிடும். பெல்ட்டை நுனியில போட்டிருக்க, அதான் நசுங்குது. எஞ்சின் பக்கமா ஏத்திப் போடு."

ஏற்றிப் போட்டு, வெடுக்கென்று இழுக்காமல் ஒரே சீராக அழுத்தினேன். டக்கென்று ஒரு சத்தம். வந்துவிட்டது.

ஸ்க்ரூடிரைவர் வேறு வழியே இல்லாதபோதுதான். குத்தினால், உள்ளே எஞ்சினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைக்குழாயில் படக் கூடாது. தகரம் கிழிந்து அடித்தட்டு மட்டும் மிஞ்சினால், அதன் விளிம்பில் உளியைச் சாய்த்து வைத்து, கழற்றும் திசையில் மெதுவாகத் தட்டுங்கள். எஞ்சினின் வழவழப்பான முகத்தில் உளி பட்டால் அப்புறம் ஆயில் கசியும்.

கழற்றியதும் வாஷர் ஃபில்டரோடு வந்துவிட்டதா என்று பாருங்கள். எனக்கு எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. நகத்தால் கிள்ளி எடுத்தேன். அதன் மேலேயே புதியதை மாட்டினால் ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது வாஷரில் விரலால் ஆயில் தடவி, எஞ்சினைத் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று. அவ்வளவுதான்.

புது ஆயிலை ஊற்றிவிட்டு, கீழே செய்தித்தாளை விரித்து வண்டியை ஸ்டார்ட் செய்தேன். டேஷ்போர்டில் ஆயில் எச்சரிக்கை விளக்கு அணைந்தது. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தேன், தாளில் ஒரு சொட்டு இல்லை.