பட்டம் பெற எத்தனை கிரெடிட் வேண்டும்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கலை, அறிவியல் கல்லூரிகள் பெரும்பாலும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. இத்தகைய கல்லூரிகளில் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்குத் தமிழ்நாட்டில் பரவலாக 140 கிரெடிட் (ஒவ்வொரு தாளிலும் தேர்ச்சி பெறும்போது கணக்கில் சேரும் அலகு) தேவைப்படுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஆம் ஆண்டுக் கட்டமைப்பு மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 120 என்றே சொல்வதால் சிலர் குழம்புகிறார்கள். நீங்கள் சேர்ந்த ஆண்டின் பாடத்திட்ட நூலில் அச்சாகியிருக்கும் எண்ணே உங்களுக்குப் பொருந்தும்.

140-ஐ ஆறு பருவங்களுக்குப் பகிர்ந்தால் பருவத்துக்கு ஏறத்தாழ 23 வரும். ஆனால் அவை எல்லாப் பருவங்களிலும் சமமாக அமைவதில்லை என்பதால், ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய எண்ணைப் பாடத்திட்ட அட்டவணையிலிருந்து தனித்தாளில் எழுதிவைத்து, மதிப்பெண் பட்டியல் வரும்போதெல்லாம் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடம் ஆகியவற்றை யாரும் மறப்பதில்லை. சிக்கல் வருவது பாடத்திட்டத்தின் நான்காம், ஐந்தாம் பகுதிகளில்தான்: சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற விரிவாக்கப் பணி ஆகியவற்றுக்கு ஓரிரு கிரெடிட்தான் என்று அலட்சியமாக விட்டால், முதன்மைப் பாடங்கள் அனைத்திலும் தேர்ச்சி பெற்றிருந்தாலும் பட்டம் கைக்கு வராது. ஒரு தாளில் அரியர் இருந்தால் அத்தாளில் தேறும்வரை அதன் கிரெடிட் முழுவதும் கிடைக்காது, பாதிகூடக் கிடைக்காது. அதிக மதிப்பெண் எடுத்தாலும் கிரெடிட் அதிகரிக்காது, தரப்புள்ளிச் சராசரிதான் உயரும்.

ஆறாம் பருவக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே இக்கணக்கைத் துறைத்தலைவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.