பச்சை விளக்கு வீரனை முறிகண்டிக்குக் கூட்டிவருவோம்: எட்டுப் பக்கச் சித்திரக்கதை

பழைய கொமிக்ஸ் வீரனொருவனைத் தன்பாலீர்ப்புள்ள ஆணாக வைத்துக் கதை செய்து பழக, ஆலன் ஸ்கொட் நல்ல தொடக்கம். 1940இல் மார்ட்டின் நொடெல் உருவாக்கிய முதல் கிரீன் லாண்டர்ன், அதாவது பச்சை விளக்கு வீரன், இவர். 2012இல் இவரின் கதைகளை வெளியிடும் அமெரிக்க கொமிக்ஸ் நிறுவனமான டிசியே இவரை அப்படி மாற்றி எழுதியது. ஆனால் அதில் காதலன் சாம் ரயில் விபத்தில் சீக்கிரமே செத்துப்போகிறான். அதைப் பின்பற்ற வேண்டாம். இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள முறிகண்டியில் நடக்கும் உங்கள் கதையில் இருவரும் கடைசிப் பக்கம்வரை உயிரோடு இருக்கட்டும்.

படி 1. மாற்றக்கூடாததை முதலில் எழுதிவையுங்கள். அவர் ரயில் பொறியியலாளர். பாலம் தகர்ந்ததில் உயிர் தப்பியவர். 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை தனக்குச் சக்தி தரும் மோதிரத்தைப் பச்சை விளக்கில் தொட்டுச் சக்தி ஏற்றவேண்டும். மரத்தின் முன் அந்தச் சக்தி செல்லாது. இவற்றில் கைவைத்தால் ஆள் யாரென்றே தெரியாமல் போய்விடும்.

படி 2. கடைசி விதி வன்னிக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. முதிரையும் பாலையும் வீரையும் நிற்கிற காட்டுக்குள் அவரால் என்ன செய்ய முடியும்? காதலனைத் தச்சுத் தொழிலாளி ஆக்குங்கள். பட்டறையில் மோதிரம் வேலை செய்யாது. ஆனால் கவனம்: காதல்தான் அவரைப் பலவீனப்படுத்துகிறது என்று வாசகர் எடுத்துக்கொள்ள இடமுண்டு. எதிரி முதிரைப் பொல்லோடு வரும்போது, எந்த மரம் எங்கே வெடிக்கும் என்று தெரிந்த தச்சனே அவரைக் காப்பாற்றட்டும்.

படி 3. உறவை முதல் பக்கத்திலேயே காட்டுங்கள். முறிகண்டியில் இறங்கி ஒரு பைக் கச்சானை இருவரும் பகிர்ந்து தின்றால் போதும். வெளியில் "மச்சான்", வீட்டுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். கடைசிப் பக்கத்தில் இரகசியமாக உடைத்தால் அது வெறும் திருப்பமாகிவிடும். ஒருவர் மட்டும் எப்போதும் அழுதுகொண்டிருப்பதும் வேண்டாம்.

படி 4. ஏ4 தாளில் ஒரு பக்கம் வரைந்து, 71 வீதத்துக்குச் சுருக்கினால் ஏ5 வரும். ஒரு பக்கத்துக்கு 4 அல்லது 5 கட்டம். நாலு ஓரமும் 1 சென்ரிமீற்றர் விடுங்கள். போட்டோகொப்பி மெஷின் ஓரத்தை விழுங்கும். எழுத்தை முதலில் எழுதி, பிறகு பேச்சுக்குமிழியைச் சுற்றி வரையுங்கள். ஒரு குமிழிக்கு 12 சொல் உச்சம். எழுத்து 5 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் சுருக்கிய பின் வாசிக்கேலாது. வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடாவிட்டால் மேல்வரிக் 'கு'வின் வாலும் கீழ்வரிக் 'கி'யின் மேல்வளைவும் முட்டும்.

படி 5. இரண்டு ஏ4 தாள், இருபக்கப் பிரதி. வெளித்தாள்: ஒரு முகத்தில் 8, 1, மறு முகத்தில் 2, 7. உள்தாள்: 6, 3, பின்பு 4, 5. நடுவில் மடித்து இரண்டு ஸ்டேப்பிள். பச்சை ஒளியை மட்டும் கலர் பென்சிலால் தீட்டுங்கள். மார்க்கர் கறுப்புக் கோட்டைக் கரைத்துவிடும்.

உங்கள் ஊரில் அடையாளம் காணக்கூடிய எவரின் முகத்தையும் பெயரையும் தொழிலையும் பாத்திரங்களுக்குக் கொடுக்காதீர்கள். தன்பாலுறவைக் குற்றமாக்கும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் நீங்கவில்லை. ஒரு படத்தால் ஓர் ஆளுக்கு ஆபத்து வரலாம். வீரன் டிசியின் சொத்து என்பதால் விற்கவும் கூடாது. கூட்டாளிகளுக்குக் கைமாற்றிக் கொடுங்கள்.