போர்வெல் தண்ணீரும் என் நியான் டெட்ராக்களும்

தர்மபுரியில் எங்கள் வீட்டு மீன்தொட்டி நீரின் பி.எச். (அமிலத்தன்மை, காரத்தன்மையைக் காட்டும் அளவு) 8.2 காட்டியது. நியான் டெட்ரா என்ற சின்ன வண்ண மீனுக்கு அது 6 முதல் 7 வரை இருந்தால் நல்லது. கடையில் வாங்கிய பி.எச். குறைக்கும் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். மாலையில் 7 காட்டியது. மறுநாள் காலை மறுபடியும் 8. இப்படியே மூன்று நாள். நான்காம் நாள் வடிகட்டியின் அடியில் இரண்டு மீன்கள் செத்துக் கிடந்தன. அவற்றின் உடலில் மின்னும் நீலக் கோடு மங்கிச் சாம்பலாகியிருந்தது. மனம் தாங்கவில்லை.

காரணம் தண்ணீரிலேயே இருந்தது. எங்கள் போர்வெல் நீரில் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் என்ற உப்பு அதிகம். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படலத்தைப் பார்த்தாலே தெரியும். விடுகிற அமிலத்தை அது விழுங்கிவிட்டு பி.எச்.சைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடுகிறது. பி.எச். ஓர் அலகு இறங்கினால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடுகிறது. தினமும் நான் கொடுத்த அந்த ஏற்ற இறக்கம்தான் மீன்களைக் கொன்றது என்றே நம்புகிறேன்.

திரவத்தை நிறுத்தினேன். ஐப்பசி மழையில் முதல் பத்து நிமிட நீரை ஓடவிட்டு, பிறகு மொட்டை மாடியில் கழுவிய டிரம்மில் பிடித்தேன். மூன்று பங்கு மழைநீர், ஒரு பங்கு போர்வெல் நீர். மழைநீரை மட்டும் ஊற்றக் கூடாது. அதில் பைகார்பனேட்டைப் போல அமிலத்தைத் தாங்கும் சக்தி இல்லாததால் பி.எச். திடீரென்று சரிந்துவிடும். வாரம் இரண்டு முறை, தொட்டி நீரில் 15 சதவீதம் மட்டும் மாற்றினேன். பி.எச். சற்று இறங்க, காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றும் போட்டேன்.

மார்கழியில் 7.4, அங்கேயே நிற்கிறது. கோடைக்காக இரண்டு டிரம் நிரப்பி, கொசு புகாமல் வேட்டித் துணி கட்டி வைத்திருக்கிறேன்.